என்ர மனுசன்ர வோட்டு

சுவிஸில நகர மன்ற மெம்பராக இருக்கிறது எண்டால், பகல் முழுக்க வேறொரு வேலை செய்துபோட்டு, களைச்சு விழுந்து பின்னேரம் போய் அரசியல் செய்யிறது. கோயில் சபையிலயோ பழைய மாணவர் சங்கத்திலயோ மாட்டுப்பட்ட ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

காரும் டிரைவரும்

நான் வெண்டிட்டன் எண்டு சொன்னவுடன லண்டன் மச்சாள், பழைய காலத்து இங்கிலீஷ் எம்.பி. மாரை நினைச்சிட்டா போல. "காரும் டிரைவரும் தந்தவையோ?" எண்டு கேட்டா. நான் அப்ப டீட்டிகோனில பஸ்ஸுக்குள்ள, சன நெரிசலில ஒற்றைக் காலில நிக்கிறன். லிம்மட் ஆத்தங்கரையில இருக்கிற எங்கட சின்ன நகரம் அதுதான். அங்க முதியோர் இல்லத்தில எனக்குப் பராமரிப்பு வேலை.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால விளக்குப் போடவேணும் எண்டு மன்றத்தில முதல்முதலாப் பேசினன். அடுத்த நாள் விடிய இல்லத்தில ஒரு றிட்டயர்ட் ரீச்சர், பேப்பரை மடிச்சு வைச்சிட்டு என்னைப் பார்த்தா. "நேற்று நல்லாப் பேசினீங்களாம், படம் போட்டிருக்கு. இப்ப என்ர காலுறையைப் போட்டுவிடுங்கோ."

ரெண்டு தரம் மட்டும்

இங்கத்தைய முறை ஒரு வினோதம். பிடிச்ச ஆளின்ர பேரை வாக்குச் சீட்டில ரெண்டு தரம் எழுதலாம், பிடிக்காத ஆளை வெட்டிவிடலாம். இதை எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்த, கோயிலில அன்னதானம் முடிஞ்ச பிறகு ஒரு வகுப்பே வைச்சம். மேசை இழுத்துப் போட்டது, தேத்தண்ணி ஊத்தினது, தபாலில சீட்டோட போற அட்டையில கையெழுத்து வைக்க மறந்த ஆக்களைத் துரத்திப் பிடிச்சது எல்லாம் என்ர மனுசன், இவர்தான். எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவருக்கு வோட்டு இல்லை. நான் பிள்ளையளோட பிரஜாவுரிமை எடுக்கேக்க இவர் எடுக்கேல்ல.

எவ்வளவு சொல்லியும், கோயில் சமையலைப் பாக்கிற மாமி சீட்டு முழுக்க என்ர பேரை எழுதி அனுப்பிப்போட்டா. ரெண்டை விட்டிட்டு மிச்சத்தை வெட்டியிருப்பினம் எண்டு சொன்னன். மனிசிக்குக் கோவம் வந்திட்டுது. "உனக்கு ரெண்டு காணும் எண்டு நான் எப்பிடியம்மா நினைக்கிறது?"

கோட்டுப் பிடிச்சவர்

முடிவு வந்த அண்டு மண்டபத்தில எல்லாரும் வந்து கை குலுக்கினவை. "உங்களுக்குத்தான் போட்டனான்" எண்டு ஆளாளுக்குச் சொல்லினம். இவர் என்ர கோட்டையும் ஹாண்ட்பாக்கையும் பிடிச்சுக்கொண்டு தூண் ஓரமா நிண்டார். எனக்கு அவ்வளவு சனத்துக்குள்ளயும் அந்த ஒரு ஆள் சொல்லிக் கேக்கவேணும் போல கிடந்தது. சொல்லேலாதே.

இவர் ஊரில வோட்டுப் போடுற வயசு வரமுதலே வெளிக்கிட்டவர். சுவிஸின்ர சிவப்புப் பாஸ்போட் எடுத்தால் திரும்பிப் போற எண்ணம் முடிஞ்சுது எண்டு அர்த்தமாம். முப்பது வருசமா அதே கதை. எத்தனை தரம் கேட்டிருப்பன், சண்டை பிடிச்சுமிருக்கிறன். அண்டைக்கு வீட்டை வந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நாளைக்கு அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு வா."

கோப்பி மிஷினுக்குப் பக்கத்தில

இதில கூத்து என்னெண்டால், பிரஜாவுரிமைக்கு வாற ஆக்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேக்கிற குழுவில நானும் ஒரு ஆள். குசினி மேசையில வைச்சு மாதக்கணக்கா இவருக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, சொல்லிக் குடுத்தன். கன்டோன் எண்டுற மாநிலங்கள், மலை, ஆறு எல்லாம் பாடம். இவர் உள்ளுக்கு வாறதைப் பாக்கவேணும், நான் இருக்கிற கதிரையை இவர் பாக்கவேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை. ஆனா சொந்தக்காரரின்ர விசயம் வந்தால் மெம்பர் வெளியில போகவேணும். அது சட்டம், நானும் மற்ற ஆக்களை அப்பிடி அனுப்பியிருக்கிறன்.

இவர் கலியாணத்துக்குத் தைச்ச மாதிரி ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு கதவால உள்ளுக்குப் போனார். அதே கதவால நான் வெளியில வந்தன். கோப்பி மிஷினுக்குப் பக்கத்தில நிண்டு, குடிக்காத கோப்பியைக் கையில வைச்சுக்கொண்டு அழுதன். வெக்கமெண்டால் வெக்கம்தான்.

கடைசியாக் குழுத் தலைவர் வந்தார். மாட்டுப் பண்ணைக்காரர், மன்றத்தில எனக்கு எப்பவும் எதிர்த்து வோட்டுப் போடுறவர். என்ர மனுசனுக்கு எல்லாரும் சம்மதம் எண்டார். பிறகு குரலைத் தணிச்சார். "இத்தனை வருசம் கழிச்சு ஏன் இப்ப எண்டு கேட்டம். 'என்ர மனுசிக்கு வோட்டுப் போட' எண்டார். அது காணாது எண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரேல்ல."

எங்கட நகரம் ஓம் எண்டாலும், தலைநகர் பேர்ணும் ஓம் சொல்லவேணும், கன்டோனும் ஓம் சொல்லவேணும். அதெல்லாம் வந்து சேர அடுத்த தேர்தல் தாண்டிவிடும், இவருக்கு வோட்டு அதுக்கடுத்ததிலதான் எண்டு செக்ரட்டரி பிள்ளை கணக்குப் பார்த்துச் சொல்லிச்சுது. இந்தத் தவணையோட விடுவம் எண்டுதான் இருந்தன், முழங்காலும் ஏலாது. வீட்டை போற வழியில அதை இவரிட்டச் சொன்னன். பஸ் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "அப்ப நான் ஆருக்குப் போடுறது?"

மற்ற ஆக்கள் கொள்கைக்காகத் தேர்தலில நிக்கினம், நான் இன்னும் ரெண்டு தேர்தலுக்கு ஒரேயொரு வோட்டுக்காக நிக்கப்போறன்.