கை பொங்காத காலை

எங்கள் ஜங்ஷனில் முன்பு கேசட் கடை இருந்த மாடியில் போன வருடம் ஒரு ஜிம் வந்தது. அதற்கு முன்பே ஊருக்கு உடற்பயிற்சிப் பைத்தியம் பிடித்திருந்தது. கால்வாய்க் கரையில் வேக நடைக்காரர்கள். தென்னந்தோப்பை அழித்துப் போட்ட ஷட்டில் கோர்ட்டில் இன்னொரு கூட்டம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மத்தியானம் முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை என் பக்கம் தள்ளுவார். வீணாக்கக் கூடாதே என்று நான் தின்பேன். எனக்குச் சர்க்கரையோடு கொழுப்பும் ஏறியதில் அந்த மஞ்சளுக்கும் பங்கு உண்டு.

"நடந்தா மட்டும் போதாது, எடை தூக்கணும்" என்றார் டாக்டர். ஐம்பத்தாறு வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் டீச்சர்; அவளுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். சாயங்காலம் நூலகத்துக்குப் போவதாகச் சொன்னேன். அந்த வாரம்தான் அவளும் திடீரென்று விடியற்காலையில் கோயிலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வயதானால் பக்தி வரும் என்று விட்டுவிட்டேன்.

துபாயிலிருந்து திரும்பி வந்தவர் எங்கள் டிரெய்னர். முதல் நாளே கம்பியைத் தூக்க வைத்தார். "அங்கிள், மூச்சு விடுங்க, மூச்சு!" விட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது நின்றுவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

மறுநாள் காலை அடுக்களையில் மேல்தட்டைப் பார்த்தபடி மனைவி நின்றிருந்தாள்.

"அந்தப் புட்டுக்குழலை எடுத்துத் தாருங்க."

"நீயே எடேன்."

"எனக்குக் கை பொங்கல்ல."

நானும் என் கையைத் தூக்கிப் பார்த்தேன். தோளுக்கு மேல் கை போகவில்லை. "எனக்கும்தான்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எந்தக் கை?"

"ரெண்டும்."

"இடது கையுமா? எனக்க தெய்வமே!"

சர்க்கரைக்காரனுக்கு இடது கை வலித்தால் அது நெஞ்சுதான் என்று அவளுக்கு முடிவாகிவிட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "பேசாதுங்க, படபடப்பு கூடும்" என்று அடக்கி ஆட்டோவில் ஏற்றினாள். ஏறும்போது அவளும் 'அம்மா' என்று முனகி, சீட்டைப் பிடித்துத்தான் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு நர்ஸ் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்ததும் சிரித்தார்.

"டீச்சர்! நேத்து நம்ம ஜிம்முல நீங்க போட்ட ஸ்குவாட் ரொம்பக் கொள்ளாம் கேட்டியளா. காலு வலிக்கா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், படுத்தபடியே கம்பீரமாக, "இதுதான் நீ போற கோயிலா? புருசன்கிட்ட ஒளிக்கலாமா?" என்று கேட்டேன்.

"சார் படமும் குரூப்ல கெடக்கே" என்றார் நர்ஸ்.

போனை நீட்டினார். 'புதிய உறுப்பினர்கள்' என்ற தலைப்பின் கீழ், கம்பிக்கு அடியில் வாயைப் பிளந்தபடி நான். அதற்குக் கீழே, சுடிதாரும் ஷூவுமாக என் மனைவி. அவள் வாய் மூடியிருந்தது. டாக்டர் ஈசிஜியைப் பார்த்து, "இருதயத்துக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் கொஞ்சமாத் தூக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆட்டோவில் பாதி வழியில் அவள் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தாள்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"போன வருசம் நான் சேலைக்கு ஷூ போட்டு நடக்கப் போனப்போ, போலீஸ் பந்தோபஸ்துக்குப் போறியான்னு கேட்டீங்க. பொறவு நான் நடக்கவே போகல்ல."

நான் அதைச் சொன்னது நினைவிருந்தது. அவள் நடையை நிறுத்தியது அதனால்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "தப்புதான்" என்றேன். ஆட்டோ இரைச்சலில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

"கேட்டுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சேர்ந்தே போகிறோம். முதுகை வளைக்காதே, முழங்காலை உள்ளே சாய்க்காதே என்று வகுப்பில் அதட்டுவது போல அவள் அதட்ட, டிரெய்னர் ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறார்.