இரண்டு விரல் குறைச்சல்

எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பசு வந்தது, பசும்பால் வரவில்லை. காரணம் நான்தான். அப்போது எனக்கு ஆறு வயது.

எனக்குப் பால் ஆகாது. வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது. தயிர் தொட்ட கரண்டியால் யாராவது ரசம் ஊற்றிவிட்டால் போதும், உதடு வீங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பிக்கும். டாக்டர் இதை அலர்ஜி, ஆஸ்துமா என்றார். அப்பாவின் அக்காவான அத்தை இதைச் செல்லம் என்றார். பால் குடிக்காத பிள்ளை உலகத்தில் உண்டா, கொடுத்துப் பழக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அத்தையின் வைத்தியம். நானோ இன்ஹேலரைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

தாம்பரத்தில் வாடகைக்கு இருந்த நாங்கள் முடிச்சூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தோம். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அது பொங்கி வழிய வேண்டும். பொங்கிய பாலை வீட்டுப் பிள்ளை முதலில் குடிக்க வேண்டும். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கிரகப்பிரவேசத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அம்மா, தான் தேங்காய்ப்பால்தான் காய்ச்சப்போவதாகச் சொன்னார்.

பால் பொங்குவதற்கு முன்னால் அத்தை பொங்கிவிட்டார்.

"தேங்காப்பால் எங்கயாவது பொங்குமாடி? திரிஞ்சுதான் போவும். புது வூட்ல பால் பொங்காம, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, எல்லாரும் இந்தக் கொழந்தையைத்தான் சொல்லுவாங்க."

"பொங்கும் அண்ணி," என்றார் அம்மா. "என் பொண்ணு குடிக்க முடியாத பாலை அந்த வீட்ல நான் மொதல்ல காய்ச்ச மாட்டேன்."

அப்பா இரண்டு பேரையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து எங்களைத் தேங்காய் பிடித்துக்கொண்டது. காலையில் ஆப்பம், தேங்காய்ப்பால். மாலையில் இடியாப்பம், தேங்காய்ப்பால். நடுவில் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி. மார்க்கெட்டில் தேங்காய் விற்பவர், "இன்னாக்கா, வூட்ல கல்யாணமா? தெனம் மூணு காய் வாங்கினு போறீங்களே" என்று கேட்டார். ஆமாம், கல்யாணம் மாதிரிதான் என்று அம்மா சிரித்தார். ஆறாவது நாள் நான் தட்டைத் தள்ளிவிட்டு, எனக்கு இட்லியும் காரச் சட்னியும்தான் வேண்டும் என்று தரையில் உருண்டு அழுதேன். அழுது மூச்சு வாங்கியதில் இரண்டு பஃப் அடிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் தட்டுக்கு வந்தது ஆப்பம்தான்.

அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பார். அம்மா, "ரெண்டு விரல் குறைச்சல்" என்பார். எனக்கு அப்போது பட்டுப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தார்கள். பாவாடைதான் இரண்டு விரல் குட்டையாகிவிட்டது என்று நினைத்து நான் உள்ளுக்குள் நொந்துபோனேன். கடைசி நாளன்று அம்மா, "ஒரு விரல்" என்றார். டைலர் எப்படியோ சரிசெய்துகொண்டு வருகிறார் என்று நினைத்துத் தூங்கினேன்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் பசு வந்து, ஹாலின் நடுவில் கோமியம் விட்டு எல்லாரையும் மகிழ்வித்துவிட்டுப் போயிற்று. புகை எனக்கு ஆகாது என்பதால் ஹோமத்தை அப்பா வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். ஐயர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பாவாடை சரியான நீளத்தில் இருந்ததில் எனக்குப் பரம திருப்தி.

சமையலறையில் சாமிக்குப் பொங்கல் வைக்கச் சித்தி பச்சரிசி களைந்துகொண்டிருந்தார். கொட்டப்போன தண்ணீரை அம்மா சட்டென்று கைநீட்டி வாங்கி, அரைத்து வைத்திருந்த தேங்காயில் ஊற்றிப் பிழிந்தார். அழுக்குத் தண்ணீரை எதற்கு ஊற்றுகிறார் என்று நினைத்தேன். சின்ன வாயுள்ள பித்தளைச் செம்பு அடுப்பில் ஏறியது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். அத்தையின் கையில் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று தயாராக இருந்தது.

பால் ஏறியது, இறங்கியது. மறுபடியும் ஏறி விளிம்புக்குக் கீழே நின்றது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அதிகாலையில் தலைக்குக் குளித்ததில் அம்மாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்து, என் இரண்டு கைகளாலும் அதைத் தேய்த்துவிட்டேன்.

அப்போது வெள்ளையாக நுரைத்து, செம்பின் நாலு பக்கமும் வழிந்தது.

"பொங்கிடுச்சுடி!" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தியது அத்தைதான். பாக்கெட்டைச் சித்தியிடம் தள்ளிவிட்டு ஓடிப்போய், சோப்புப் போட்டு ஒன்றுக்கு இரண்டு முறை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகுதான் டம்ளரைத் தொட்டார். ஊதி ஊதி ஆற்றி முதல் வாயை எனக்குப் புகட்டினார். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலே பொங்கும் என்று பள்ளியில் ஒரு மாதம் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு என்னைப் பிடித்துவிட்டது, அதனால் பொங்கியது என்பது என் முடிவு.

போன வருடம் நான் சிறுசேரியில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். பால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், எதற்கும் பார்ப்போம் என்று தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்தேன். திரிந்தது. அடுத்ததைப் புதிதாகப் பிழிந்து வைத்தேன். கொதித்தது, விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நின்றது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அரிசி களைஞ்ச தண்ணில பிழிடி. வாய் சின்னப் பாத்திரமா வை," என்றார் அம்மா. "எனக்கே எட்டாவது நாள்தான் பொங்குச்சு."

போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். நான் அழுதுகொண்டு ஆப்பம் தின்றது ஏழு நாள். எட்டாவது நாள் கிரகப்பிரவேசம். அத்தனை பேருக்கு நடுவில் அடுப்பைப் பற்றவைத்தபோது, அந்தப் பால் அதுவரை ஒருமுறைகூடப் பொங்கியிருக்கவில்லை.

அம்மாவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு அம்மாவுக்குக் குளிரவில்லை.