காளியாயிக்கு ஆகாத பழங்கள்

இலங்கை மலையகத்தில், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் காளியாயி வாழ்க்கைப்பட்டு வந்தது 1954இல். அதற்கு முன் கினிகத்தேனைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆறு வருடம் பால் வெட்டினாள். பால் பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்து, அரிப்பு உயிரை வாங்கும். மலைக்கு வந்துவிட்டால் தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள்.

எங்கே விட்டது? அந்த வருடத் திருவிழாவில் கோயில் வாழைப்பழத்தைத் தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. தொண்டைக்குள் நமைச்சல். மாமியார் பேச்சியம்மா பார்த்துவிட்டு, "சுத்தபத்தமில்லாம தின்னிருப்ப, அதான்" என்றாள். அடுத்த வருடம் காளியாயி பழமே வேண்டாம் என்றாள். "சாமி பழத்த வேணாங்கிறாளே, என்னா திமிரு!" என்று அதற்கும் ஏச்சு.

புருசன் ஆண்டியப்பன் தன் பங்குக்கு, துரை பங்களாச் சமையற்காரரிடம் பட்டர் புரூட் ஒன்று வாங்கி வந்தான். "இது வாழ இல்ல புள்ள, தைரியமா தின்னு." இரண்டே வாய். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன.

தோட்டத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சர் இராசரத்தினம் ஐயா ஏறிட்டும் பார்க்காமல் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து ஊற்றினார். முன்பு வாழைப்பழத்துக்கும் அதே போத்தல்தான்.

"வாழப்பழத்துக்கும் பூச்சி, இதுக்கும் பூச்சியாங்க? எம்புட்டுப் பூச்சிங்க ஐயா வச்சிருக்கேன் வயித்துல?"

"குடிச்சிட்டுப் போ பிள்ளை, வரிசை நிக்குது."

ஒருநாள் பப்பாளிக்காயை நறுக்கும்போது வெள்ளையாகப் பால் வடிந்தது. மணிக்கட்டில் பட்டதுதான் தாமதம், ரப்பர்த் தோட்டத்துத் தடிப்பு அப்படியே எழுந்தது. காளியாயிக்குச் சட்டென்று பிடிபட்டது. "இதெல்லாம் அந்த ரப்பர் பாலுக்குச் சொந்தம் அத்தே!"

"பட்டர் புரூட்ல ஏதுடி பாலு?" என்றாள் பேச்சியம்மா.

அதற்குப் பதில் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

1959இல் முழங்கையில் கட்டி வந்தது. டிஸ்பென்சர் கையுறை மாட்டிக்கொண்டு கையைப் பிடித்துக் கீறிக் கட்டுப் போட்டார். அவர் கை கழுவி வந்து பார்த்தால், பிடித்த இடத்தில் அஞ்சு விரலும் அச்சாகத் தடித்திருந்தன. ஐயா கழற்றிய கையுறையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

"இது ரப்பர் பிள்ளை."

"தெரியுதுங்க."

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளை உட்காரவைத்து எல்லாம் கேட்டார். "ஏனெண்டு எனக்கும் விளங்கேல்லை. ஒண்டு ஒத்துக்கொள்ளாத உடம்பு, அதைப்போல வேற சிலதையும் ஏற்காது போல. பாலில்லாத பழமும் அதில சேர்த்திதான். நீ சொன்னது பொய்யில்லை."

"அஞ்சு வருசமா இதத்தானே ஐயா சொல்றேன்!" காளியாயிக்குச் சந்தோசத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

ஆகாத பழங்களின் பெயரையும் கையுறையையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும், ஐயாவின் கையெழுத்து என்றதும் பேச்சியம்மா அடங்கினாள். வாழைப்பழத்தை மருமகள் பக்கம் நீட்டுவதேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றோடு பலாக்காய்க் கறி வந்தது. காளியாயி தட்டை நகர்த்தினாள்.

"ஏன்டி? கடுதாசில பலா இல்லன்னு ஒம்புருசன் சொன்னானே!"

"அருவாமனையில பாலு எப்புடி ஒட்டியிருக்குன்னு பாருங்க அத்தே!"

பேச்சியம்மா போய்ப் பார்த்தாள். பிறகு மருமகள் சோற்றுக்குச் சம்பல் போடத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.