வெயிலடித்தால் வரும் தண்ணீர்

மலைமேல் திண்ணனூர் நாட்டில் அப்பாசாமிக்கு வாய்த்தது மதகுக் காவல். தடுப்பணையின் மதகைத் திறந்தால் ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கி, அடிவாரத்து மின்நிலையத்தில் கரண்டாகும். மூடினால் அணையைத் தாண்டி வழிந்து, கீழேயுள்ள அக்கா பாவாயியின் நெல் வயலுக்குப் போகும். பதினோரு வருஷமாக மதகு திறந்தே கிடந்தது. பாவாயியும் வானத்தை நம்பியே பயிர் வைத்தாள்.

இந்த வருஷம் எல்லாம் தலைகீழ். நடுப்பகலில் மின்நிலையத்துப் பூபதியிடமிருந்து போன் வரும்.

"மதகை மூடுங்கண்ணா. கீழ்நாட்டுல வெயில் கொளுத்துது, சோலார் கரண்டு குமியுது. ஞாயித்துக்கிழமை வேற, மில்லெல்லாம் லீவு. எடுக்க ஆளில்லீங்க."

கரண்டை எடுக்க ஆளில்லையாம்! அப்பாசாமிக்குத் தலை சுற்றியது. மிஞ்சிய சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டலாம், மிஞ்சிய கரண்டை எங்கே கொட்டுவது? கேட்டும் பார்த்தார்.

"வெச்சுக்க எடமில்லீங்கண்ணா. அப்படியே உட்டா லைன் தாங்காது."

அதுவும் விளங்கவில்லை. போய் மூடினார்.

பாவாயிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. ஊர் உலகத்தில் மழை பெய்தால் தண்ணீர் வரும், அவள் வயலுக்கு வெயிலடித்தால் வருகிறது. மழைக்குப் பொங்கல் வைத்தவள், மேகம் கூடினால் வாயில் வந்தபடி திட்டினாள்.

நெல் பால் பிடிக்கும் சமயம் பார்த்து, மழையில்லாத மூட்டம் கட்டிக்கொண்டது. நான்கு நாளாகப் போன் இல்லை. வயல் வெடித்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் மிஞ்சுவது பதர்தான்.

ஐந்தாம் நாள் அப்பாசாமி அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது ஊரே அமைதியாக இருந்தது. டிவி இல்லை, மிக்சிச் சத்தம் இல்லை.

"கரண்டு போச்சாக்கா?"

"இருக்குது சாமி. பன்னெண்டு ஊட்லயும் நாங்கதான் நிறுத்திப்போட்டோம். நாம எடுக்காம உட்டா மிஞ்சுமல்ல? மிஞ்சுனா மூடச் சொல்லுவாங்கல்ல?"

இது கடலில் கரைத்த பெருங்காயம், அக்கா என்று சொல்ல வாயெடுத்தார். வியர்வையில் நனைந்த அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. போன் வராமல் மூடினால் வேலை போய்விடும். மூடாவிட்டால் அக்காவின் வயல் போய்விடும். பாதிச் சோற்றில் எழுந்தார். மதகுக்குத் திரும்பினார்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. "மூடுங்கண்ணா."

ஓடிப்போய் மூடிவிட்டுத்தான் கேட்டார். "ஏனுங்க தம்பி, இன்னிக்கு வெயிலே இல்லீங்களே?"

"எனக்கும் தெரியலீங்கண்ணா. எங்கியோ மிஞ்சிப்போச்சாம்."

எங்கே மிஞ்சியது என்று அப்பாசாமிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் மறுநாள் காவல் கொட்டகைக்குள் நுழைந்ததும், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.