குடிக்கு முந்திய குரல்

நான் வெளிநாடு கிளம்பிய அதே செவ்வாய்க்கிழமைதான் மாமாவை இரண்டாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் பெட்டியும் அவர் துணிப்பையும் ஒரே டாக்சியில் போயின. "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பயணம். உனக்கு விமானம், எனக்கு வார்டு," என்று சிரித்தார்.

அம்மாவின் தம்பி அவர். லிஃப்ட் மெக்கானிக். பள்ளி விடுமுறைகளில் அவரோடு எத்தனை கட்டடங்களின் உச்சிக்குப் போயிருப்பேன்! அவர் மோட்டார் அறையில் வேலை பார்ப்பார். நான் வாசலில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தீர்ப்பேன். கிரீஸ் வாசனை அடித்தால் இன்றும் அந்த மத்தியானங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மோட்டார் ஓடும்வரை மாமா உற்சாகமாக இருப்பார். நின்றுவிட்டால் தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்பார்.

"யாரு மாமா பேசறாங்க?"

"காதுக்குள்ள ஒருத்தன் இருக்கான்டி. எதைச் செஞ்சாலும் குத்தம் சொல்லுவான். மாமியார் தோத்தா போ!"

அப்போது அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பிறகு, அவன் வாயை அடைக்கக் குடித்தார்.

இது எனக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும். முதல் முறை சேர்த்தபோது அத்தை டாக்டரிடம் குடியை மட்டும்தான் சொன்னாள். "குடிகாரன்னா நாலு நாள் பேசுவாங்க. பைத்தியம்னா எவனாவது லிஃப்டை நம்பிக் குடுப்பானா? நீ வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்," என்று என்னையும் மிரட்டியிருந்தாள். குடியை நிறுத்தி அனுப்பினார்கள். குரல் நிற்கவில்லை. இரண்டே மாதத்தில் மறுபடியும் பாட்டில்.

இந்த முறை டாக்டர், "குடிக்கறதுக்கு முன்னாடி வேற தொந்தரவு ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் அத்தை.

"இருந்துச்சு," என்று நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்போ ஒரு மாசம் குடியில்லாம இங்கேயே இருக்கட்டும். குரல் குடியோட போகுதா, குடி இல்லாமலும் இருக்குதான்னு பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

அத்தை என்னை வழியனுப்ப வாசல்வரைகூட வரவில்லை.

குடி போன பிறகும் குரல் இருந்ததாகவும், அதற்கு வேறு மருந்து தொடங்கியதாகவும் அம்மா போனில் சொன்னாள். நான் ஊர் ஊராக மாறினேன். அத்தையிடமிருந்து ஒரு வரி இல்லை. ஐந்தாம் வருடம், ஏதோ ஒரு ரயிலில் இருந்தபோது அத்தையின் செய்தி வந்தது:

"மாமா இன்னிக்கு வேலைக்குப் போயிட்டார். எல்லாம் தெரிஞ்சுதான் கம்பெனியில திரும்ப சேத்துக்கிட்டாங்க. அவன் எப்பவாச்சும் வர்றானாம். 'வேலையா இருக்கேன், அப்புறம் வா'ன்னு இவர் அனுப்பிடறாராம். உன்மேல கோவம் இன்னும் போகல. நேர்ல திட்டணும். சீக்கிரம் வா."