கடல் மேல் போட்ட பழி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் சங்கு குளித்தவன், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவன். போன வருடம் மழைக்காலத்தில் என் தம்பியை ஸ்கேன் பார்க்க மதுரைக்குக் கூட்டிப் போனேன். அதற்கு நான்கு வருடம் முன்பு அவனுக்கு ஒரு கை விழுந்து, வாய் கோணி, அதே ஆஸ்பத்திரியில்தான் மூளைக்கு பைபாஸ் செய்தார்கள். மூளைக்குள் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டே வந்ததால், தலைத்தோலில் ஓடும் ஒரு குழாயை உள்ளே இணைத்தார்கள். தேறி வேலைக்கும் போனான்.

அன்று டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழாய் புடைத்திருந்ததாம், சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புவது போல. வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம். "உங்க வீட்டுல யாருக்காவது மூளையில ரத்தக்கசிவு வந்திருக்கா? யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

முதல் ஆபரேஷனின்போதும் இதைத்தான் கேட்டார்கள். அப்போது சொன்னதையே சொன்னேன். "இல்லம்மா. அப்பா கடல்ல போனாரு. வேற யாருக்கும் ஒண்ணுமில்ல."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, அப்பா முங்கியா செத்தாரு? வள்ளத்துல ஏறி உக்காந்தாரு, தல பொளக்குதுன்னாரு, வாந்தி எடுத்தாரு. நீதான சொன்ன?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

அப்பா சாகும்போது நான் அந்த வள்ளத்தில் இருந்தேன். குளிக்கப் போனவன் வள்ளத்திலேயே செத்தாலும் எங்கள் பக்கம் கடலில் போனான் என்றுதான் சொல்வோம். தலை வலித்தால் தண்ணீர் அழுத்தம் என்போம், மாத்திரை போட்டுவிட்டு மறுபடி இறங்குவோம். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்த அன்று எனக்கும் அதே வயது.

ரத்த வழியாக வரும் ஒரு மாற்றம் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருப்பவர் எல்லோருக்கும் நோய் வராது. பைபாஸுக்குப் பிறகு புடைப்பு வர அதுதான் காரணம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்களும் ரத்தமும் ஸ்கேனும் பார்த்தாக வேண்டும், அதுவரை குளிக்கப் போகாதீர்கள் என்றார்.

தம்பிக்குத் தொடை வழியாகக் கம்பி விட்டு அந்தப் புடைப்பை அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். நான் எதையும் பார்க்காமல் ஊருக்கு வந்துவிட்டேன். பயம்தான்.

மறு வாரம் டாக்டரம்மா சொன்னதை யாரிடமும் சொல்லாமல் குளிக்கப் போனேன். வள்ளத்தின் ஓரத்தில் தயங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கூட வந்த அண்ணாச்சி, "என்னலே, கடல்ல காலு வைக்கதுக்கு நல்ல நேரம் பாக்குதியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வள்ளத்திலிருந்து மூச்சுக்குக் காற்று வரும் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

மணலில் சங்கு தெரிந்தது. கையை நீட்டினேன். காதுக்குள் என் நெஞ்சு அடிக்கும் சத்தம் கேட்டது. காலமெல்லாம் கேட்ட சத்தம்தான். அன்று மட்டும் ஒவ்வொரு அடியும் தலைக்குள் எங்கோ மெலிந்த ஓரிடத்தில் போய் மோதுவது போலிருந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமோ? சங்கை எடுக்காமல் கயிற்றைப் பிடித்து மேலே வந்துவிட்டேன்.

பிறகு மதுரைக்குப் போனேன். தம்பிக்கு இருக்கும் மாற்றம் என் ரத்தத்திலும் இருக்கிறது. இப்போதைக்குப் புடைப்பு இல்லை. வருடா வருடம் பார்க்க வேண்டுமாம். குளிப்பதை விட்டுவிட்டுக் கரையில் சங்கு கழுவுகிறேன்.

என் மகளுக்குப் பதினேழு வயது. "தல வலிக்குப்பா" என்று அவள் சொன்னால், முன்பு கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவேன். இப்போது அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றுவிடுகிறேன். தாத்தா எப்படி இறந்தார் என்று நேற்றுத்தான் அவளுக்கு உள்ளபடி சொன்னேன். இத்தனை வருடம் கடல் மேல் போட்டிருந்த பழியை எடுத்துவிட்டேன், ஆனால் அந்தப் பயம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாளை அவளுக்கு ஸ்கேன்.

எழுதிய நாள்: செப்டம்பர் 14, ஞாயிறு.