அடியில் பூசிய கறுப்பு

காலை ஏழரை மணிக்கு என் ஜன்னலுக்குக் கீழே ஒரு லொறி உப்பை வீதியில் எறிந்துகொண்டு போகிறது. அதன் பின்புறத்தில் ஒரு தட்டு சுழல்கிறது. பருத்த உப்புக் கற்கள் அதிலிருந்து இரண்டு பக்கமும் தெறிக்கின்றன. வீதியில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. கனடாவில் எனக்கு இது ஆறாவது குளிர்காலம். இன்னமும் அந்த லொறி வந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். எங்கள் புத்தளத்தில், பாலாவிச் சந்தியில் உப்பு லொறி திரும்பும்போது ஒரு மூட்டை கிழிந்து இரண்டு கைப்பிடி கொட்டினால், யாராவது ஒரு பெண் ஈர்க்குமாறும் சுளகும் கொண்டுவந்து கூட்டி அள்ளிவிடுவாள். மண் கலந்த உப்பு தென்னைக்கு ஆகும். இங்கே நகரசபை உப்பை விலைக்கு வாங்கி வீதியில் கொட்டுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாகனம் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கிறார்கள். அதுவும் பயத்தோடு. உப்பு வாகனத்தின் அடியைத் தின்னும் என்பதை இந்த நாட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் முதல் காரை வாங்கும்வரை.

நான் பிறந்தது புத்தளத்தில், ஓர் அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில். 1990இல் முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரின் தென்கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பம் படகில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. வாப்பாவும் உம்மாவும் இப்போது இல்லை. எனக்கென்று இருப்பவர்கள் என்னைவிடப் பதினொரு வயது மூத்த ராத்தாவும் அவளுடைய கணவர் நவாஸ் மச்சானும். மச்சான் பாலாவியில் உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிறார், லொறி அவருடையதுதான். நான் புத்தளத்திலிருந்து ஆறு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிவிட்டு, இரண்டு வருடப் படிப்பு ஒன்றுக்காக இந்த ஏரிக்கரை நகரத்துக்கு வந்தேன். "ரெண்டே வருசம் ராத்தா, முடிஞ்ச உடன வந்துருவன்" என்று விமான நிலையத்தில் சொன்னேன். அவள் நம்பினாள். சொல்லும்போது நானும் நம்பினேன்.

முதல் குளிர்காலத்தில் கல்லூரிக்குப் பஸ்தான். வகுப்புக்கு முன்னால் ஒரு பாண் பேக்கரியில் வேலை. முதல் பஸ் வருவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும் என்பதால் பனியில் நாற்பது நிமிடம் நடப்பேன். வசந்தம் வந்ததும், பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவுசெய்தேன். என்னோடு அறையில் இருந்தவன் கென்யாக்காரன், மூன்று வருடம் மூத்த மாணவன். அவன் எனக்காக ஒரு வெள்ளி நிறக் காரைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். எட்டு வயதுக் கார். நான்கு கதவு. பின்பெட்டியில் அரிசி மூட்டை இரண்டு வைக்கலாம். "ஆனால் நான் இரண்டு வருடத்துக்குத்தானே வந்திருக்கிறேன்" என்றேன். "எல்லோரும் இரண்டு வருடத்துக்குத்தான் வருகிறார்கள்" என்றான் அவன். "நான்கு கதவு இருப்பதை வாங்கு."

நான் பார்த்துவைத்திருந்தது வேறொன்று. ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், பதினைந்து வயது, கடல்நீலம். கூரை துணியாலானது, ஒரு கொளுவியைக் கழற்றினால் பின்னால் மடிந்துவிடும். இரண்டே இருக்கை. அவையும் அவ்வளவு தாழ்வு. உள்ளே ஏறுவது பாயில் உட்காருவதைப் போல இருந்தது. ஏன் அதன்மேல் மனம் போனது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நிறம் என்று சொல்லியிருப்பேன். அது பொய்.

நான் பத்திரிகையில் சேர்ந்த முதல் வருடம், போர் முடிந்து வில்பத்துக் காட்டுக்குள்ளால் எலுவன்குளம் பாதை திறந்திருந்தது. எங்கள் சொந்தங்கள் ஒரு வேன் பிடித்துப் பழைய ஊரைப் பார்க்கப் போனோம். அப்போது மச்சான் உப்பு வேலை இல்லாத மாதங்களில் வாடகைக்கு வேன் ஓட்டுவார். பன்னிரண்டு பேருக்கான வேன். எண்ணிப் பார்ப்பது என் தொழிலாகியிருந்ததால் எண்ணினேன்: பத்தொன்பது பேர். கல்யாணமாகாதவன் என்பதால் எனக்கு இருக்கை இல்லை. இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். என் முழங்காலில் ஒரு பெரியம்மாவின் சாப்பாட்டுப் பெட்டி, தோளில் யாருடையதோ தூங்கும் பிள்ளை. காட்டுப்பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை கூரையில் இடித்தது. "மச்சான், கூரைய இடிச்சு உடைச்சிராத, வேன் என்ர இல்ல" என்று, என்னையும் மச்சான் என்றே கூப்பிடும் நவாஸ் மச்சான் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல, வேன் முழுதும் சிரித்தது. ஊரில் வீடு இருக்கவில்லை. கிணற்றுக் கட்டை வைத்து ராத்தா இடத்தைக் கண்டுபிடித்தாள். அரைமணி நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, வேனில் ஏறுவதற்கு முன், எல்லோரும் ஏறியாகிவிட்டதா என்று இரண்டு தடவை எண்ணினாள்.

எந்த வாகனத்தைப் பார்த்தாலும் ராத்தா கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தன பேர் போகலாம்?" கல்யாண வீட்டுக் காராக இருந்தாலும் சரி, கொழும்பிலிருந்து வரும் அதிகாரியின் ஜீப்பாக இருந்தாலும் சரி. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் நான் கேட்டதில்லை. கற்பிட்டிக்கு வந்த நாளில் படகுக்காரர் ஆட்களை எண்ணி எண்ணி ஏற்றியதை ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

ஆகவே, நீலக் காரைப் பார்க்கப் போன சனிக்கிழமை காலை, விற்பவரின் வீட்டுப் புல்தரையில் நின்று வீடியோ அழைப்பை எடுத்தபோது, அவள் கேட்கப் போவது எனக்குத் தெரிந்திருந்தது.

"எத்தன பேர் போகலாம் தம்பி?"

"ரெண்டு பேர், ராத்தா."

"ரெண்டு பேரா? காசு குடுத்து வாங்குறாய், பாதிக் காரத்தானா தாறான்?"

அவளுக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. "அடியே, நீ சந்தோசப்படு. ரெண்டு சீட்டுக் கார ஒருத்தனும் குடியிருக்க வாங்க மாட்டான். நாலு கதவு வாங்கினா, அடுத்தது பொண்டாட்டி, அடுத்தது வீடு. இது விளையாட்டுச் சாமான். படிப்பு முடிய வித்துட்டு வந்துருவான்."

ராத்தா யோசித்தாள். அவளுடைய முகம் மாறியதைச் சின்னத் திரையிலும் பார்த்தேன். "அப்ப அதையே வாங்கு" என்றாள்.

என்னுடைய ஆசைக்கு அவர் ஒரு நியாயம் கண்டுபிடித்துத் தந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வருவதற்கான அத்தாட்சியாக அந்தக் காரை வாங்குகிறேன் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

"என்ஜின் கிடக்கட்டும். கீழ காட்டு" என்றார் மச்சான்.

புல்லில் மல்லாந்து படுத்து, போனைக் காரின் அடிக்குள் நீட்டினேன். விற்பவர் அறுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர். கையில் கோப்பி. என் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, காருக்கு அடியிலிருந்து உரத்த குரலில் வந்த தமிழைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னும் முன்னுக்கு… அந்தப் பக்கம்… மாஷா அல்லாஹ்! மச்சான், பாத்தியா? புதுசாக் கறுப்பு பூசியிருக்கான். ஒரு மூலை விடல்ல. வாகனத்தப் பிள்ளை மாதிரி வச்சிருந்த மனுசன். கண்ண மூடிட்டு வாங்கு."

பாலாவியில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மழை தொடங்கி உப்பு வேலை நின்றதும், லொறியைத் தூக்கி நிறுத்தி, அடியைக் கழுவிக் காயவைத்து, பழைய என்ஜின் ஒயிலையும் தாரையும் கலந்து பூசுவார்கள். பூசாத லொறி இரண்டு வருடத்தில் கறள் பிடித்துத் தகடாக உதிரும். ஒருவன் எப்படிப்பட்ட சொந்தக்காரன் என்பதை அங்கே மேற்பூச்சை வைத்துச் சொல்ல மாட்டார்கள். குனிந்து அடியைப் பார்ப்பார்கள்.

நான் எழுந்து புல்லைத் தட்டினேன். "யார் அது?" என்று கேட்டார் விற்பவர்.

"என் சகோதரியின் கணவர். இலங்கையில் இருக்கிறார். உப்புத் தொழில்."

அவர் கோப்பியை வாயிலிருந்து எடுத்தார். "அப்படியானால் கறளைப் பற்றித் தெரிந்தவர்."

"இருபது வருடமாக."

"என்ன சொல்கிறார்?"

"மிக நன்றாக இருக்கிறதாம். கீழே நீங்கள் பூசியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலேயே, கராஜுக்குள் போய் நான்கு குளிர்கால டயர்களை எடுத்துவந்து இலவசமாகத் தந்தார். கையையும் அழுத்திக் குலுக்கினார். மச்சானின் மீது அவருக்கு வந்த மரியாதை என்று நினைத்தேன். பத்திரிகையில் ஆறு வருடம் மனிதர்களின் முகத்தைப் பார்த்து எழுதியவன் நான்.

காரை வீதியில் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பெண் காரை உயர்த்தினாள். கீழே நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில், பலமே கொடுக்காமல் வைத்தாள். அது பிடிவரை உள்ளே போனது. கறுப்புத் தோலுக்குப் பின்னால் இரும்பு இருக்கவில்லை. செந்நிறத் தூள் என் சப்பாத்தின்மேல் கொட்டியது.

"விற்பதற்கு முதல் வாரம் பூசியிருப்பார்கள்" என்றாள். "வாங்கும்போது யாரும் உங்களோடு வரவில்லையா?"

வந்தார் என்று எப்படிச் சொல்வது?

விற்றவர் போனை எடுக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் பேக்கரியில் மேலதிக வேலை செய்தேன். அழுகிய இடங்களை அவள் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினாள். வேலை முடிந்த நாளில் ஒரு டப்பாக் கறுப்பை என் கையில் தந்தாள். "மிச்சத்தை நீங்களே பூசலாம். குளிர்காலத்தில் மட்டும் இதை வீதியில் இறக்காதீர்கள்." எங்கள் தெருவில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முதல் உப்பு விழும் நாளில் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, வசந்தத்தில் திறப்பார்கள். நான் இலையுதிர்காலத்தில் மூன்று வாரம் கூரையை மடித்துவிட்டு ஏரிக்கரை வீதியில் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் என் புத்தகப் பை. என் தலை எதிலும் இடிக்கவில்லை. பிறகு மூடினேன். பழையபடி நாற்பது நிமிட நடை.

மச்சானுக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்: பாலாவிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில், போனிலேயே பார்த்துக் கனடாவில் கார் தெரிவுசெய்து கொடுத்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் வந்திருந்தது. கற்பிட்டியிலிருந்து ஒருவர், கட்டாரில் இருக்கும் மகனுக்கு வாகனம் பார்த்துத்தரச் சொல்லி வந்தாராம்.

டிசம்பரில் ஒருநாள், எனக்குக் காலை, அவருக்குப் பின்னேரம், அழைப்பு எடுத்தார். அங்கே மழை. உப்பளம் வெள்ளத்தில் கிடந்தது. உப்புக் குவியல்களைக் கிடுகால் மூடியிருந்தார்கள். அவருடைய லொறி நீலப் படங்கின் கீழ். "உன்ர காரக் காட்டு" என்றார். காட்டினேன். பச்சைப் படங்கின் கீழ் அது. "என்னடா, ரெண்டு பேருக்கும் ஒரே சீசன்ல வேலையில்ல" என்று சிரித்தார். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரியும்.

"கீழ காட்டு, பாப்பம்."

பனியில் முழங்காலிட்டு, படங்கைத் தூக்கி, போனை உள்ளே நீட்டினேன். ஒட்டுத் தகடுகளின் விளிம்புகளைக் கறுப்பு மறைக்கவில்லை. மச்சான் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அங்கே லொறிப் படங்கில் மழை விழும் சத்தம் கேட்டது.

"எத்தன இடம்?"

"ஏழு."

"நான் பாத்தது… மறைக்கப் பூசினதா?"

"ஓம் மச்சான்."

"நான்தானே வாங்கச் சொன்னன்."

"நானும் பாத்தேன்தானே."

"நீ பேப்பர்காரன், உனக்கென்ன விளங்கும்?" என்றார். அடுத்து, தனக்குத்தானே சொல்வதுபோல: "இங்க ஒருத்தன் கறுப்பு பூசினா, வண்டிய வச்சிருக்கப் போறான். அங்க பூசினா, விக்கப் போறான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். ராத்தா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "இப்ப பூசினது ஆர்?"

"நான்தான்."

"எந்த ஊர்ப் பூச்சு, மச்சான்?"

படங்கை இழுத்து மூடினேன். அடுத்த வசந்தத்தில் படிப்பு முடிந்தது. காரை விற்க விளம்பரம் எழுதினேன். என் தொழில் எழுத்து, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஏழு ஒட்டுகளையும் ஒளிக்காமல் குறிப்பிட்டேன். அதை இன்னமும் வெளியிடவில்லை. மூன்று வருட வேலை அனுமதி வந்தது, பிறகு இன்னொன்று.

இன்று காலை உப்பு லொறி போனபின், ராத்தா அழைத்தாள். அங்கே மழை தொடங்கிவிட்டதாம். மச்சான் லொறியின் அடியில் படுத்திருக்கிறாராம். போனைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளோடு கதைத்துக்கொண்டே பாணுக்கு மாஜரின் பூசினேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காரின் அடியில் நான் செய்த வேலையின் கறுப்பு எத்தனை சவர்க்காரத்துக்கும் போகாமல் நகங்களுக்குள் இருந்தது.

"என்னங்க" என்று அவள் போனை முற்றத்துப் பக்கம் திருப்பிக் கூப்பிட்டாள். "இந்த வருசமும் பூசிட்டான்."

லொறிக்கு அடியிலிருந்து மச்சான் கையை மட்டும் நீட்டி ஆட்டினார். அதுவும் கறுப்பாக இருந்தது.